41-ஆம் பெட்டியின் மஞ்சள் கல்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாகக் கூட்டங்களின் விவரத்தை முதலில் போடுவேன். இந்த முறை அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன், ஏனென்றால் இந்த ஆண்டு நம் கனிமச் சங்கத்தின் பாதி நேரத்தை எடுத்துக்கொண்டது நம் சேகரிப்பில் 41-ஆம் பெட்டியில் இருக்கும் ஒரே ஒரு கல்தான், அதைப் பற்றி விவரமாகச் சொல்லாமல் வேறெதைச் சொன்னாலும் அறிக்கை முழுமையாகாது.

ஆண்டின் முதல் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் அதை நன்கொடையாகக் கொடுத்தார். கட்டைவிரல் அளவு குவார்ட்ஸ் துண்டு, அதன் ஒரு பக்கம் முழுக்கக் கடுகு மஞ்சளில் மெல்லிய படலம், லென்ஸ் வைத்துப் பார்த்தால் படிக முகம் ஒன்றுகூடத் தெரியாது, விரல் பட்டால் மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். கூடவே வந்த சீட்டில் ‘புச்சரைட்’ என்று கனிமத்தின் பெயர் மட்டும் இருந்தது. எங்கே எடுத்தது, யார் எடுத்தது, எதுவும் இல்லை. விற்றவர் பழைய சீட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தன் கையால் புதிதாக எழுதியிருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது, கல் எந்த இடத்தில் பிறந்தது என்ற செய்தி ஒருமுறை போனால் எந்தக் கருவியாலும் திரும்ப வராது.

அப்போது நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தனிமங்களைப் பார்த்துத் தர ஓர் ஆய்வகம் ஒத்துக்கொண்டது. முடிவில் பிஸ்மத், வனேடியம், ஆக்சிஜன், இவை மூன்றுதான். செம்பு இல்லை, எனவே நமீபியாவிலிருந்து 1981-இல் விவரிக்கப்பட்ட நமிபைட் இல்லை. பிஸ்மத்தும் வனேடியமும் ஒன்றுக்கு ஒன்று, எனவே மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இருக்கவேண்டிய ஷூமாகரைட்டும் இல்லை. சரி, சீட்டில் இருப்பது உறுதியாகிவிட்டது என்று பதிவேட்டில் ‘புச்சரைட், சோதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது எந்தப் பிஸ்மத் வனடேட்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஏன் என்றால், பிஸ்மத் வனடேட் என்பது ஒரு பிஸ்மத், ஒரு வனேடியம், நான்கு ஆக்சிஜன் சேர்ந்தது, இதே வாய்பாட்டில் இயற்கையில் மூன்று தனித்தனிக் கனிமங்கள் இருக்கின்றன. முதலில் தெரியவந்தது புச்சரைட், ஜெர்மனியின் சாக்சனியில் ஷ்னீபெர்க் ஊரின் புச்சர் சுரங்கக் குழியிலிருந்து 1871-இல் விவரிக்கப்பட்டது, செஞ்சாய்சதுரப் படிகம், அதாவது மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து, நீளம் மட்டும் மூன்றும் வேறு. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து 1974-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் யின்னியதாராவிலிருந்து கிளினோபிஸ்வனைட், இது ஒற்றைச்சரிவு, ஓர் அச்சு சாய்ந்திருக்கும். மூன்றாவது 1981-இல் ஜெர்மனியின் ஹிர்ஷ்ஹார்னிலிருந்து டிரையரைட், இது நாற்கோணகம், மூன்று அச்சுகளும் செங்குத்து, அவற்றில் இரண்டின் நீளம் சமம். தனிமங்களை மட்டும் எண்ணிப் பார்க்கும் எந்தச் சோதனையும் இந்த மூன்றையும் பிரிக்காது. நான் ‘சோதிக்கப்பட்டது’ என்று எழுதியது அரை உண்மைதான்.

வெளித் தோற்றம் கொஞ்சம் உதவும், ஆனால் கொஞ்சம்தான். புச்சரைட் பெரும்பாலும் செம்பழுப்பாக, வைரம் போல மினுங்கும் சிறு படிகங்களாக வரும், மோஸ் அளவில் கடினம் 4. டிரையரைட் இன்னும் மென்மை, 2-க்கும் 3-க்கும் நடுவே. நம்முடையது மாவுப் படலம், கீறிப் பார்க்க வழியில்லை, உரசினால் வரும் தூளும் மூன்றுக்குமே மஞ்சள்தான். அடர்த்தியில் நல்ல வித்தியாசம் உண்டு. கணக்கிட்டால் டிரையரைட் தண்ணீரைப் போல 6.25 மடங்கு, கிளினோபிஸ்வனைட் 6.95 மடங்கு, புச்சரைட் இரண்டுக்கும் இடையில். அதே அணுக்கள்தான், டிரையரைட்டில் சிர்கான் கல்லின் அமைப்பில் கொஞ்சம் தாராளமாக அடுக்கியிருக்கிறது, கிளினோபிஸ்வனைட்டில் ஷீலைட் என்ற இன்னொரு கனிமத்தின் நாற்கோணக அமைப்பைச் சற்றுக் கோணலாக்கி நெருக்கியிருக்கிறது. ஆனால் குவார்ட்ஸோடு ஒட்டிய படலத்தைத் தனியாக எடைபோட முடியாதே.

கடைசியில், அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று காட்டும் எக்ஸ் கதிர்த் தூள் சோதனைக்குத்தான் போனோம். குண்டூசி முனையால் சுரண்டிய அளவு தூள் போதுமாக இருந்தது. வரைபடம் வந்த அன்று ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்று பார்த்தோம், அதை நான் மறக்கமாட்டேன். செம்பு இலக்கு வைத்த எக்ஸ் கதிர்க் குழாயில் எடுத்தால் டிரையரைட்டின் பெரிய உச்சி 24 டிகிரி பக்கத்தில் எழ வேண்டும், அங்கே ஒன்றும் இல்லை. 28.9-இல் ஓர் உயரமான உச்சி. அப்புறம், கோணலாகாத ஷீலைட் அமைப்பில் 35 டிகிரி அருகே ஒன்றாக இருக்கவேண்டியது இரண்டாகப் பிளந்து நின்றது. அந்தப் பிளவுதான் கிளினோபிஸ்வனைட்டின் கைரேகை. அதன் கோணல் எவ்வளவு தெரியுமா? 90 டிகிரி இருக்கவேண்டிய கோணம் 90.38, சமமாக இருக்கவேண்டிய இரண்டு அச்சுகள் 5.195, 5.092 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). இந்தச் சின்ன விலகலுக்குத்தான் பெயரிலேயே ‘கிளினோ’, சாய்ந்தது என்று பொருள்.

அன்று ஒரு குழப்பமும் வந்தது, நிறைய பேருக்கு வரக்கூடியது என்பதால் எழுதிவைக்கிறேன். கிளினோபிஸ்வனைட்டைச் சுமார் 255 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அந்தக் கோணல் மறைந்து நாற்கோணகமாகிவிடும், அப்படியானால் அதுதானே டிரையரைட் என்று ஒருவர் கேட்டார். இல்லை. சூட்டில் வருவது ஷீலைட் அமைப்பு நாற்கோணகம், ஆறினால் மறுபடி பழைய கோணலுக்கே திரும்பிவிடும். டிரையரைட் சிர்கான் அமைப்பு, அதைச் சூடாக்கினால் அமைப்பே மாறிப்போகும், ஆறினாலும் திரும்பாது. படிகத் தொகுதியின் பெயர் ஒன்றாக இருந்தால் கனிமமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வகைப்பாடு பற்றி ஒரு கூட்டம் முழுக்கப் பேசினோம். நிக்கல்-ஸ்ட்ரன்ஸ் என்ற கனிம வகைப்பாட்டு முறையில் பாஸ்பேட், ஆர்சனேட், வனடேட் மூன்றும் எட்டாம் வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன, காரணம் பாஸ்பரஸ், ஆர்சனிக், வனேடியம் மூன்றுமே நான்கு ஆக்சிஜனைச் சுற்றி வைத்து நான்முகி கட்டும். நம் மூன்று பிஸ்மத் வனடேட்டுகளும், வேறு வனடேட்டுகளான வனடினைட்டும் டெஸ்க்ளோயிசைட்டும் அங்கேதான். ஆனால் வனேடியம் ஐந்து, ஆறு ஆக்சிஜனோடு சேரும் கார்னோடைட், பாஸ்கோயைட் போன்றவை அதே முறையில் நான்காம் வகுப்பில், ஆக்சைடுகளோடு போகின்றன. பெயரில் வனடேட் என்று இருப்பதால் நம் அலமாரியில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்திருந்தோம், இப்போது பிரித்துவிட்டோம். அதே கூட்டத்தில் வனேடியத்தின் கதையையும் ஓர் உறுப்பினர் சொன்னார். மெக்சிகோவின் ஸிமாபான் ஈயத் தாதுவில் 1801-இல் டெல் ரியோ புதுத் தனிமத்தைக் கண்டுபிடிக்கிறார், 1805-இல் பாரிஸில் ஒருவர் அது வெறும் குரோமியம் என்று சொல்ல, டெல் ரியோவே தன் கண்டுபிடிப்பைக் கைவிடுகிறார். 1830-இல் ஸ்வீடனில் செஃப்ஸ்ட்ரோம் மறுபடி கண்டுபிடித்து வனேடியம் என்று பெயர் வைத்த பிறகுதான், அடுத்த ஆண்டு வோலர் இரண்டும் ஒன்றே என்று காட்டினார். ஒரு தவறான சோதனை முடிவு இருபத்தைந்து ஆண்டைச் சாப்பிட்டுவிட்டது.

பிஸ்மத் வனடேட்டுக்கு ஆய்வகத்திலும் பெரிய வாழ்வு உண்டு. ஈயக் குரோமேட்டுக்குப் பதிலாக வரும் மஞ்சள் வண்ணப்பொருள் இதுதான். 1998-இல் அகிஹிகோ குடோ குழுவினர் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். அந்த வேலையில் சிறந்தது கிளினோபிஸ்வனைட்டின் அமைப்புதான். முதலில் அறியப்பட்ட புச்சரைட் அமைப்போ வழக்கமான ஆய்வக முறைகளில் கிடைப்பதில்லை.

ஒரு இழப்பையும் பதிவு செய்கிறேன். சேகரிப்பில் இருந்த பாஸ்கோயைட் துண்டைத் தூசி தட்டுகிறேன் என்று ஓர் உறுப்பினர் தண்ணீரில் கழுவிவிட்டார். தண்ணீர் ஆரஞ்சாக மாறியது, கல்லில் கறை மட்டும் மிச்சம். அவரைக் குறை சொல்லவில்லை, தண்ணீரில் கரையும் என்று நாம் எங்கும் எழுதி ஒட்டவில்லை. இப்போது அந்தத் தட்டில் எழுதி ஒட்டியாகிவிட்டது.

செயற்குழு எடுத்த முடிவுகள்: பதிவேட்டில் இனி ‘சோதிக்கப்பட்டது’ என்ற சொல் தனியாக வராது, எந்தச் சோதனை, எந்த நாள் என்று சேர்த்து எழுத வேண்டும். பழைய சீட்டு எவ்வளவு தவறாக இருந்தாலும் பெட்டிக்குள்ளேயே இருக்கும், புதியது அதன் மேல். எக்ஸ் கதிர் பார்க்காத மற்ற இரண்டு மஞ்சள் மாதிரிகள் ‘பிஸ்மத் வனடேட், அமைப்பு பார்க்கப்படவில்லை’ என்றே இருக்கும்.

மற்றவை சுருக்கமாக. கூட்டங்கள் ஒன்றுகூடத் தவறவில்லை, வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார், ஈயம் உள்ள வனடினைட்டைத் தொட்டபின் கை கழுவும் விதி தொடர்கிறது. பதிவேட்டைப் பார்க்கும் பொறுப்பை அந்தக் கேள்வி கேட்ட மாணவியிடம் கொடுக்கச் செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது, அவரும் ஒத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் மஞ்சள் படலமுள்ள கல் எதுவும் இருந்தால், கழுவாமல், சீட்டோடு, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து அவரிடம் கொடுங்கள்.

செயலாளர்