பார்ட்னர்களே, அந்தக் கால் மணி நேரத்தையும் கணக்கில் சேருங்கள்

சட்ட நிறுவனங்களை நடத்தும் பார்ட்னர்களுக்கு,

வணக்கம். ஒன்பது வருடமாக ஒப்பந்தங்கள் எழுதும் அசோசியேட் நான், அதாவது பார்ட்னர்களுக்குக் கீழே சம்பளத்துக்கு வேலை செய்யும் வழக்கறிஞர். இப்போது எனக்குக் கீழே இரண்டு ஜூனியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சேர்ந்த முதல் வருடம், நான் எழுதிய ஒரு சப்ளை ஒப்பந்தம் சிவப்புத் திருத்தங்களோடு திரும்பி வந்தது. அதில் ஓரிடத்தில் 14 என்பதை அடித்துவிட்டு 15 என்று போட்டிருந்தார்கள். ஏன் என்று ஒரு வரி இல்லை. ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைத்து, அப்படியே ஏற்று அனுப்பிவிட்டேன். அடுத்த மூன்று ஒப்பந்தங்களிலும் அதே மாதிரித் தவறு செய்தேன். இரண்டு முறை யாரோ சத்தமில்லாமல் திருத்தினார்கள். மூன்றாவது முறை ஒரு சீனியர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இழப்பீட்டுப் பிரிவு எத்தனையாவது?" என்று கேட்டார். 15 என்றேன். "நம் கட்சிக்காரர் கொடுக்க வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறாயே, அது எந்தப் பிரிவைச் சொல்கிறது?" பார்த்தேன். '14-ஆம் பிரிவின் கீழ் வரும் இழப்பீடு உட்பட' என்று இருந்தது. நடுவில் புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தபோது எண்கள் ஒன்று தள்ளிப்போயிருந்தன. உச்சவரம்புப் பிரிவு மட்டும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தது. "நாளைக்குத் தகராறு வந்தால், இழப்பீட்டுக்கு வரம்பே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். நம் கட்சிக்காரர் கதி என்ன?" என்றார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அன்றிலிருந்து எந்த ஒப்பந்தமும் கையெழுத்துக்குப் போகும் முன் பிரிவு எண்களுக்காக மட்டுமே ஒரு முறை முழுதாகப் படித்துவிடுகிறேன்.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று நாங்கள் எழுதிவைக்கும் டைம்ஷீட்டில் அவருடைய அந்தக் கால் மணி நேரம் எங்கும் ஏறவில்லை. கட்சிக்காரருக்கு பில் போட முடியாத நேரம் அது. வருடக் கடைசியில் மதிப்பீட்டுக்கு உட்காரும்போது நீங்கள் பார்ப்பது பில் போட்ட மணிகளைத்தான். சொல்லிக்கொடுத்தவர் பின்தங்குகிறார், கதவைச் சாத்திக்கொண்டு தன் வேலையை மட்டும் பார்த்தவர் முந்துகிறார். இப்படி இருக்கும்போது யார்தான் ஜூனியரைப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்?

பயிற்சியே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. அரை நாள் கூட்டம் போடுகிறீர்கள், வெளியிலிருந்து ஆள் வந்து பேசுகிறார், வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குகிறீர்கள். புதுச் சட்டம் வரும்போது அது பயன்படவும் செய்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா, அயோவா மாநிலங்கள் 1975-லேயே வழக்கறிஞர்களுக்குத் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கின. கனடாவின் ஒன்டாரியோவில் வருடத்துக்கு 12 மணி நேரம் காட்ட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர்களுக்கு 16 மணி நேரம் என்று இருந்தது. 2016 நவம்பரில் அந்தக் கணக்கையே எடுத்துவிட்டார்கள். அவரவர் தன் வேலையைத் திரும்பிப் பார்த்து, எங்கே குறை என்று கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது இப்போதைய முறை. எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. ஆனால் தன் டிராஃப்ட் ஏன் திருத்தப்பட்டது என்றே தெரியாத ஜூனியர் எதைத் திரும்பிப் பார்ப்பார்?

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்தக் கவலை எனக்கு இன்னும் கூடியிருக்கிறது. ஆவணக் குவியலைப் படிப்பது, முதல் டிராஃப்ட் எழுதுவது, பழைய தீர்ப்புகளைத் தேடுவது என்று நாங்கள் கை பழகிய வேலைகளெல்லாம் மென்பொருளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 2023-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்தது உங்களுக்கும் தெரியும். சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு போட்டார்கள். 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அந்தத் தீர்ப்புகளைத் தேடியவர் முப்பது வருடத்துக்கு மேல் தொழிலில் இருந்தவர். ஆகவே பயிற்சியை ஜூனியர் விவகாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். "தீர்ப்பை எடுத்து முழுதாகப் படித்தாயா?" என்று கேட்க எல்லோருக்கும் ஓர் ஆள் வேண்டும், பார்ட்னருக்கும்தான்.

பழக்கிவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்களே என்று சொல்வீர்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். நானும் நான்காவது வருடம் கிளம்ப இருந்தவள். அந்த சீனியர் இங்கே இருந்ததால்தான் தங்கினேன்.

சரி, நான் கேட்பது என்ன? சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு டைம்ஷீட்டில் ஒரு தலைப்பு கொடுங்கள். அந்த மணிகளை பில் போட்ட மணிகளுக்குச் சமமாக வருட இலக்கில் சேருங்கள். திருத்தி அனுப்பும் டிராஃப்டில், முக்கியமான திருத்தத்துக்கு மட்டுமாவது காரணத்தை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது ஜூனியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எதிர்த்தரப்பு எந்த இடத்தில் இறங்கி வந்தது, ஏன் வந்தது என்று முடிந்தபின் பத்து நிமிடம் பேசுங்கள். அப்புறம், ஒரு வேலையைப் பிரித்துக் கொடுப்பது எப்படி, குறையைச் சொல்வது எப்படி என்று எங்களைப் போன்ற நடுத்தட்டுக்காரர்களுக்கும் யாராவது கற்றுத்தர வேண்டும். அதை இதுவரை நான் தட்டுத்தடுமாறித்தான் செய்கிறேன்.

என் ஜூனியர் ஒருவர் நேற்று ஒரு டிராஃப்ட் கொடுத்தார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் எந்தெந்தப் பிரிவுகள் நீடிக்கும் என்ற பட்டியலில் ரகசியக் காப்புப் பிரிவு விடுபட்டிருக்கிறது. நானே சேர்த்து அனுப்ப அரை நிமிடம் போதும். அனுப்பவில்லை. திங்கட்கிழமை காலை அவரோடு உட்காரப் போகிறேன். அந்த நேரத்தை டைம்ஷீட்டில் எங்கே எழுதுவது என்று அதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அசோசியேட்களில் ஒருத்தி