நாலு வரி எழுதித் தா, அந்தோணி

வெளிப்பாளையம்,
நாகப்பட்டினம்.

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம். காலாலா எழுதுகிறாய் என்று நீ மடக்குவாய். சோம்பல்தான். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நீயே விட்டுவிடு, அவள் மறந்துவிடுவாள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. பேத்தி எட்டாம் வகுப்பு. பள்ளியில் பேச்சுப் போட்டி. தலைப்பு, 'உலகச் சவால்களை எதிர்கொள்வதில் பண்பாடும் கல்வியும்'. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்த கை இல்லையா, பத்து நிமிஷத்தில் ஒரு பக்கம் ஓட்டிவிட்டேன். பண்பாடு வேர், கல்வி விழுது, எல்லாம் போட்டு. அவள் ஒரு தடவை வாசித்துவிட்டு, "நல்லாருக்கு தாத்தா. ஆனா என்ன பண்ணணும்னு இதுல எங்கேயுமே இல்லையே" என்றாள். தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு சிமலூ தீவை நினைத்துக்கொண்டிருந்தேன். சுமத்ராவுக்கு மேற்கே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 பூகம்பம் கிளம்பிய இடத்துக்கு வெகு பக்கம். அலை வரப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சைரன் கிடையாது, ரேடியோ அறிவிப்பு கிடையாது. ஜனம் சுமார் 78,000. செத்தவர்கள் 7 பேர். நான் எழுத்துப் பிழை செய்யவில்லை, ஏழே பேர்.

1907-ல் அந்தத் தீவை ஒரு பேரலை அடித்துப் போட்டிருக்கிறது. பிழைத்தவர்கள் அதைக் கதையாக்கிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அந்த அலைக்கு அவர்கள் மொழியில் 'ஸ்மோங்' என்று பேர். தரை பலமாக ஆடி, பின்னாலேயே கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காதே, மேட்டுக்கு ஓடு. கதையின் சாரம் இவ்வளவுதான். தொண்ணூற்றேழு வருஷம் கழித்து அந்தக் காலையில் 'ஸ்மோங், ஸ்மோங்' என்று கத்திக்கொண்டே ஊர் மொத்தமும் குன்றேறிவிட்டது.

நம்மிடமும்தான் சொல் இருந்தது. கடல்கோள். மணிமேகலையில் புகாரையே கடல் கொண்டுபோகிறது. அந்தப் பூம்புகார் இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கடல் கொண்ட குமரியைப் பற்றி நீ வகுப்பில் உருகியதை நான் வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். அதில் பெருமை இருந்தது, இழந்த ஏக்கம் இருந்தது. 'ஓடு' என்ற சொல் மட்டும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே, உன் தமிழைவிட என் புவியியல் மோசம். 'சுனாமி ஜப்பானியச் சொல், துறைமுக அலை என்று பொருள்' என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு நோட்ஸ் கொடுத்தவன் நான். கடற்கரைப் பிள்ளைகளுக்குத்தான் கொடுத்தேன். அது வந்தால் என்ன செய்வது என்று ஒருவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு லீவு. மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள். நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்கள் பேரைச் சிவப்பு மையால் அடிக்கச் சொன்னார்கள். நான் பென்சிலால் கோடு போட்டேன். உன்னிடம் இதை இதுவரை சொன்னதில்லை.

இன்னொன்று கேள். சிமலூ கதையை அப்படியே கொண்டுவந்து இங்கே சொன்னாலும் சரிப்படாது. பூகம்பத்துக்குக் கிழக்கே, தாய்லாந்துப் பக்கம், கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே, இலங்கைக்கும் நமக்கும், தண்ணீர் முதலில் ஏறித்தான் வந்தது. தரை ஆடியது சென்னையில் சிலருக்குத் தெரிந்தது, ஆனால் ஓடவைக்கும் ஆட்டம் இல்லை. உள்வாங்கட்டும் என்று காத்திருந்தால் போச்சு. வாடை, கொண்டல், கச்சான் என்று முகத்தில் படும் காற்றை வைத்தே கடலைச் சொல்லிவிடும் நம் மீனவர்களுக்கே அன்று ஒன்றும் புரியவில்லை. 1881-லும் நிக்கோபார் பக்கம் பூகம்பம் வந்து, அலை நாகப்பட்டினத்துக் கடல்மட்டக் கருவியில் பதிவாகியிருக்கிறது. ஒரு மீட்டருக்குச் சற்று மேல். கருவி குறித்துக்கொண்டது, பாட்டிமார் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஆக, நமக்குச் சேதி வெளியிலிருந்துதான் வரவேண்டும். பூகம்பத்துக்கும் அலைக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததே! புதுச்சேரி நல்லவாடு ஞாபகம் இருக்கிறதா? சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. தினமும் அலை உயரம், மீன் விலை சொல்லும் ஒலிபெருக்கி. ஊர்க்காரர்கள் பூட்டை உடைத்து அதில் அறிவித்தார்கள். ஜனம் தப்பியது. பழகின குரல் குழாயிலிருந்து வந்தால் கேட்டுப் பழகியிருந்தார்கள், அதுதான் விஷயம். 2007-லிருந்து ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் நன்றாகவே இயங்குகிறது. ஆனால் அங்கிருந்து வரும் சேதி கடைசித் தெருவில் யார் வாய் வழியாக வரும்?

பள்ளிக்கூடம் ஒன்றும் செய்யாது என்றும் சொல்லமாட்டேன். 2011-ல் சுனாமி அடித்த ஜப்பானில் கமாய்ஷி என்று ஓர் ஊர். கட்டாடா என்ற பேராசிரியர் பல வருஷம் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருந்தார். முதல் பாடமே, அபாய வரைபடத்தை நம்பாதே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் பாடமே தொடங்குவேன். அலை வந்த அன்று, அந்த ஊரின் உனோசுமாய் பகுதியில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவிப்புக்குக் காத்திராமல் ஓட, அவர்களைப் பார்த்துத் தொடக்கப் பள்ளிக் குஞ்சுகளும் ஓடின. குறித்துவைத்த இடத்துக்குப் போனார்கள். பக்கத்துச் சரிவில் மண் உதிர்வதைப் பார்த்து, இது போதாது என்று இன்னும் மேலே, அப்புறம் இன்னும் மேலே. பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு. அந்த வரைபடத்தில் அவர்கள் பள்ளி ஆபத்தில்லாத இடம் என்றுதான் போட்டிருந்ததாம்.

இதையெல்லாம் பேத்திக்குச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல மலை ஏது தாத்தா?" என்றாள்.

அதுதானே. தட்டையான ஊர். ஏறினால் புயல் பாதுகாப்பு மையத்து மாடி, இல்லாவிட்டால் யார் வீட்டு மொட்டை மாடியாவது. அதுவும் இல்லையா, மேற்கே பார்த்து ஓடவேண்டும். அவளும் கூட்டாளிகள் நாலு பேருமாகப் போட்டியை விட்டுவிட்டு, எந்தெந்த மாடிக்குத் தெருப்பக்கமாகப் படி இருக்கிறது, எதற்குப் பூட்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டு அலைகிறார்கள். பாதிக்கு மேல் பூட்டு.

உன்னிடம் ஒரு வேலை. விடுதியில் உப்புமாவுக்கே வெண்பா பாடினவன் நீ. கயிறு தாண்டும்போது பாடுகிற மாதிரி நாலு வரி எழுதி அனுப்பு. அணி, உவமை எதுவும் வேண்டாம். கடல் ஏறினாலும் இறங்கினாலும் நிற்காதே என்பது முதல் இரண்டு வரியில். மாடி, மேற்கு, இந்த இரண்டு சொல்லும் அடுத்த இரண்டில் கட்டாயம் வரவேண்டும். குளச்சலுக்கு வேண்டுமானால் வேறு எழுதிக்கொள், உங்களுக்கு மேற்குப் பக்கம் கடலாயிற்றே.

நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் அக்கம்பக்கத்துப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். பத்தாம் தேதி வருவான்.

உன்,
முத்துக்குமரன்