விற்கத் தடையான பொருளை விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் முன்பள்ளிக்குத் தண்ணீர்த் தாங்கி ஒன்று அமைப்பதற்காகப் பெற்றோர் குழு நிதி திரட்டி வருகிறது. பிள்ளைகளின் விளையாட்டு விழாவன்று விற்பனைக்கூடம் ஒன்று வைப்பதெனத் தீர்மானித்து, தாய்மார் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தந்த 32,000 ரூபாயை முதலாகப் போட்டு, யாழ்ப்பாண நகரிலுள்ள மொத்த வியாபார நிலையம் ஒன்றில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகள் வாங்கினோம். இடியப்பம் அவிக்காத வீடு இங்கே இல்லை, ஒன்றும் தேங்காது என்று சொல்லி அவற்றை எடுத்துக் காட்டியவர்கள் அந்த நிலையத்தாரே. விழா ஒழுங்குகள் தொடர்பாகப் பிரதேச செயலகத்துக்குச் சென்றபோது, இத்தட்டுகளை விற்பதற்குச் சட்டத்தில் தடை உண்டென அங்குள்ள சுற்றாடல் உத்தியோகத்தர் தெரிவித்தார். ஒரு தட்டையும் விற்காமல் அனைத்தையும் கட்டவிழ்க்காதபடியே கொண்டுசென்று பணத்தைக் கேட்டோம். இன்றுவரை அவர்கள் தர மறுக்கிறார்கள்.

நிலையத்தார் முதலில் சொன்ன காரணம், தடை என்பது ஒருமுறை பாவித்துவிட்டு எறியும் பொருட்களுக்கு மட்டுமே உரியது, இடியப்பத் தட்டோ வருடக்கணக்கில் பாவிப்பது என்பதாகும். கேட்பவருக்கு இது சரியென்றே தோன்றும். ஆனால் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2023 ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த தடை உறிஞ்சு குழாய், கலக்கும் குச்சி, எறிந்துவிடும் கோப்பை, தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி ஆகியவற்றோடு நின்றுவிடவில்லை. பிளாஸ்டிக் பூமாலைகளும் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகளும் அதே பட்டியலில் பெயர் குறிப்பிடப்பட்டே உள்ளன. யோகட் கோப்பைக்கு விலக்களிக்கும் அளவுக்கு நுணுக்கமாக எழுதப்பட்ட பட்டியலில் இடியப்பத் தட்டு தவறுதலாக இடம்பெற்றிருக்க முடியாது. தாய்மாருக்கு இந்தப் பட்டியல் மனப்பாடமாக இருக்கவேண்டுமென எவரும் எதிர்பார்க்கமாட்டார்கள். பிளாஸ்டிக் பொருட்களை மொத்தமாக இறக்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அதை அறிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

அடுத்து அவர்கள் பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டுள்ள ஒரு வரியைக் காட்டினார்கள். ‘விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டா’ என்பதே அது. அதே பற்றுச்சீட்டின் மேற்பகுதியில், நாங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், அவர்களுடைய எழுத்தர் நீல மையில் ‘முன்பள்ளி நிதிக்காக, மீள்விற்பனைக்கு’ என்று எழுதியிருக்கிறார். வாங்குபவர் ஒரு பொருளை என்ன நோக்கத்துக்காக வாங்குகிறார் என்பதை விற்பவருக்கு அறிவித்து, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்குமிடத்து, அப்பொருள் அந்த நோக்கத்துக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை 1896ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. விற்பதற்கென வாங்கியதை விற்கவே முடியாதென்றால், அந்த நோக்கத்துக்கு அது எள்ளளவும் தகுதியற்றது. அடியில் உள்ள வரியோ, பணத்தை எண்ணி வாங்கிய பின்னர் கையில் தரப்பட்ட கடதாசியில் இருப்பது. அதற்கு நாங்கள் உடன்பட்டோம் என்று எவ்வாறு கூறமுடியும்? நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க வருபவருக்கு அவ்வரியைக் காட்டலாம். கடையில் வைத்திருப்பதே தவறான பொருளுக்கு அதைக் காட்டக்கூடாது.

மூன்றாவதாக அவர்கள் முன்வைத்த யோசனைதான் எங்களை மிகவும் வருத்தியது. பணத்துக்குப் பதிலாக அதே பெறுமதிக்கு வேறு பொருள் எடுத்துச் செல்லுமாறு கூறி, பிளாஸ்டிக் பூமாலைக் கட்டுகளைக் காட்டினார்கள். அவையும் அதே தடைப்பட்டியலில் உள்ளவை என்று சொன்னதும், ஊர்க் கோயில் திருவிழாவில் வைத்து விற்றால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார்கள். பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்காகச் சேர்க்கும் பணத்தைச் சட்டத்துக்கு மறைந்து சேர்க்குமாறு பெற்றோருக்குச் சொல்வது பொறுப்புள்ள வியாபாரிக்கு அழகல்ல. விளையாட்டு விழாவில் அந்தப் பிள்ளைகளின் முன்னால் நின்று அத்தட்டுகளை விற்கும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

நாங்கள் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறையிடத் தீர்மானித்துள்ளோம். இதே நிலையிலுள்ள ஏனைய சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் சென்றடைய வேண்டும். கடைக்காரரின் ‘அடுத்த கிழமை பார்ப்போம்’ என்ற சொல்லை நம்பியிருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விவரம் கேட்கலாம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை அதில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். எங்கள் கையில் இப்போதுள்ள பலமெல்லாம் அந்த நீல மை வரி ஒன்றுதான். மத்தியஸ்த சபையில் அமர்ந்து பேசவும் ஆயத்தமாகவே இருக்கிறோம். வழக்காடும் ஆசை எங்களுக்கு இல்லை.

உரிய அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. திருவிழாக் காலங்களில் வீதியோரச் சிறு கடைகளில் நடக்கும் பரிசோதனை மொத்த வியாபாரிகளின் களஞ்சியங்களிலும் நடக்கவேண்டும். தடைசெய்யப்பட்ட பொருள் அங்கிருந்துதான் கிராமத்துக்கு வருகிறது; ஆனால் அகப்படுபவர் பெரும்பாலும் கடைசியாக அதைக் கையில் வைத்திருக்கும் ஏழை வியாபாரிதான். பனையீர்க்கிலும் பிரம்பிலும் இடியப்பத் தட்டுப் பின்னும் பெண்கள் எமது மாவட்டத்தில் இருக்கிறார்கள். தடையைப் பற்றி ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த 32,000 ரூபாயும் அவர்களிடம் போயிருக்கும், விழாவன்று எங்கள் விற்பனைக்கூடமும் வெறுமையாக இருந்திராது.

வியாபார நிலையத்தாரிடம் நாங்கள் கேட்பது இவ்வளவே. முழுத் தொகையையும் பணமாகத் திருப்பித் தாருங்கள். தட்டுகளை நாங்களே கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்; அவற்றை இன்னொரு சங்கத்துக்கு விற்கமாட்டோம் என்று எழுத்தில் உறுதி தாருங்கள்.

இங்ஙனம்,
பொருளாளர்,
முன்பள்ளிப் பெற்றோர் குழு,
யாழ்ப்பாணம்.