மெக்கானிக்ஸ் தாளில் சூத்திரத்துக்கு முன்னால் படம்

அன்புள்ள கண்ணு,

முதல் பருவத்திலேயே மெக்கானிக்ஸ் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பள்ளியில் படித்ததுதானே என்று தோன்றும். விதிகள் அதேதான். ஆனால் எந்தச் சூத்திரத்தில் எண்ணைப் போடுவது என்று தெரிந்தால் அங்கே போதும். எந்தச் சூத்திரம் எங்கே செல்லாது என்பதையும் இங்கே கேட்பார்கள்.

கணக்கைப் படித்ததும் கை சூத்திரத்தைத் தேடி ஓடும். ஓட விடாதே. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள். அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புகளாக வரை. ஒவ்வொரு அம்பையும் பார்த்து, “இந்தப் பொருளைத் தள்ளுவது அல்லது இழுப்பது எது?” என்று கேள். பதில் இல்லாத அம்பை அழித்துவிடு. மையநோக்கு விசைக்குத் தனி அம்பு வரைபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கயிற்றில் கட்டிச் சுழற்றும் பந்தின்மேல் இழுவிசையும் எடையும்தான் உண்டு. மையத்தை நோக்கி அவை தரும் நிகர விசைக்குத்தான் அந்தப் பெயர். செங்குத்து வட்டத்தின் அடியில் அது இழுவிசை கழித்தல் எடை. உச்சியில் இழுவிசை கூட்டல் எடை.

அடுத்த பொறி, தளம் தரும் செங்குத்து விசை. அது எப்போதும் எடைக்குச் சமம் என்று மனப்பாடம் ஆகியிருக்கும். 2 கிலோ பெட்டி ஒன்று தரையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. 10 நியூட்டன் விசையால் கிடைக்கோட்டுக்கு 30° மேல்நோக்கி இழுக்கிறாய். இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்று வை. கயிறே 5 நியூட்டனைத் தாங்கிக்கொள்வதால் செங்குத்து விசை 19.6 அல்ல, 14.6. உராய்வு 4.38, கிடைத்திசை இழுப்பு 8.66, முடுக்கம் 2.14 வருகிறது. 19.6 என்று போட்டிருந்தால் 1.39 வந்திருக்கும். பார்வைக்கு அதுவும் நியாயமான விடை போலத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து.

கப்பிக் கணக்கிலும் இதே கதை. உராய்வில்லாத மேசையில் 3 கிலோ, ஓரத்தில் தொங்குவது 2 கிலோ. இழுவிசை 19.6 நியூட்டன் என்று எழுதத் தோன்றும். அப்படியானால் தொங்கும் கட்டை அசையவே கூடாது! முடுக்கம் 19.6 ÷ 5 = 3.92, இழுவிசை 3 × 3.92 = 11.76 நியூட்டன். எண்களைக் கடைசியில் போடு; அதுவரை எழுத்துகளாகவே கொண்டுபோனால் விடையைச் சோதிக்கலாம். மேசை மேலுள்ள நிறையைச் சுழியமாக்கினால் முடுக்கம் 9.8 ஆக வேண்டும். வராவிட்டால் எங்கோ குறி மாறியிருக்கிறது. கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்றும் பார். சைன் 30-க்கு −0.988 காட்டினால் காரணம் அதுதான்.

எந்த விதியை எடுப்பது? நேரம் கேட்டால் பெரும்பாலும் நியூட்டனின் இரண்டாம் விதி. உயரமும் வேகமும் மட்டும் என்றால் ஆற்றல். மோதல் வந்தால் முதலில் உந்தம். தொங்கும் 990 கிராம் மரக்கட்டையில் 10 கிராம் குண்டு 300 மீட்டர்/வினாடி வேகத்தில் புதைகிறது. உந்தத்தின்படி இரண்டும் சேர்ந்து 3 மீட்டர்/வினாடி வேகத்தில் கிளம்பி, சுமார் 46 சென்டிமீட்டர் உயரும். தொடக்கத்திலிருந்தே இயக்க ஆற்றல் மாறாது என்று எடுத்தால் 46 மீட்டர் வரும். 450 ஜூலில் 4.5 ஜூல்தான் இயக்கமாக மிஞ்சுகிறது; மற்றதெல்லாம் வெப்பமாகவும் மரத்தைச் சிதைப்பதிலும் போகிறது. மோதலுக்குப் பிறகு கட்டை ஊசலாடி உயரும்போது ஆற்றலை எடுத்துக்கொள்ளலாம். ஒரே கணக்கு, இரண்டு கட்டம், இரண்டு விதி.

சுழற்சிப் பாடத்துக்கு இப்போதே பயப்படாதே. விசைக்குப் பதில் திருப்புவிசை, நிறைக்குப் பதில் நிலைமத் திருப்புத்திறன். அங்கும் படம்தான் முதல். விசை எந்தப் புள்ளியில் செயல்படுகிறது என்பதை மட்டும் கூடுதலாகக் குறிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் ஊசல் சோதனை அநேகமாக இருக்கும். ஒரு மீட்டர் ஊசலின் அலைவுநேரம் ஏறத்தாழ 2 வினாடி. கை தாமதம் 0.2 வினாடி என்றால், ஒரே அலைவை அளந்தால் 10 சதவீதப் பிழை. நேரத்தின் வர்க்கம் வருவதால் புவியீர்ப்பு முடுக்கத்தில் அது 20 ஆகிவிடும். 20 அலைவுகளை அளந்தால் சுமார் 1 சதவீதம்தான். எண்ணத் தொடங்கும்போது ‘சுழியம்’ என்று சொல்லு. ‘ஒன்று’ என்று தொடங்கினால் 19 அலைவுகளுக்கான நேரத்தை 20-ஆல் வகுப்பாய், 9.8 வர வேண்டிய இடத்தில் 10.86 வரும். வீச்சு 10°-க்குள் இருக்கட்டும்.

ஒரே நீளத்தோடு நிறுத்தாமல் ஐந்தாறு நீளங்களுக்கு எடுத்து, அலைவுநேரத்தின் வர்க்கத்தைக் கிடை அச்சிலும் நீளத்தை நிலை அச்சிலும் குறி. சாய்வு 0.248-ஐ ஒட்டி வரும். அதை 4π²-ஆல் பெருக்கினால் விடை. கோடு ஆதிப்புள்ளி வழியே போகாமல் சற்றுக் கீழே வெட்டினால், குண்டின் மையம்வரை அளக்காமல் நூலின் முனைவரை மட்டும் அளந்திருக்கிறாய் என்று அர்த்தம். சாய்வு அதனால் கெடாது. ஆனால் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா