அந்தப் புத்தகத்தைக் கொரியரில் அனுப்பவா?

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம்தான் சரியாகத் தெரியவில்லை. ஃபோன் போட்டால் "சாப்பிட்டேம்மா, வச்சிடறேன்" என்று ஒன்றரை நிமிஷத்தில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் நாலு நாள் வந்திருந்தபோது சைட் சிங்கிங் புத்தகத்தை, அதுதான் தாளைப் பார்த்துப் பாடப் பழகுகிற புத்தகத்தை, பீரோ மேலே வைத்துவிட்டுப் போய்விட்டாய். கொரியரில் அனுப்பவா? காட்பாடியில் போட்டால் மறுநாள் சென்னையில் உன் கையில் இருக்கும். மூன்று தரம் கேட்டுவிட்டேன். மூன்று தரமும் "இருக்கட்டும்மா" என்கிறாய். பாடப் புத்தகம் இல்லாமல் வகுப்பில் என்னப்பா செய்கிறாய்?

வெயில் இன்னும் குறையவில்லை. அக்னி நட்சத்திரம் முடிந்து இத்தனை நாளாகியும் மாடித் தண்ணீர் கொதிக்கிறது. பாப்பாவுக்குப் பரீட்சை நன்றாகப் போனதாம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வேறு விசேஷம் இல்லை.

நீ வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற சார் உன்னை டெனார் குரல் பாடக் கூப்பிட்டார். தொண்டை சரியில்லை என்றாய். அன்று சாயங்காலம் பாப்பாவோடு போய்க் குல்ஃபி சாப்பிட்டுவிட்டு வந்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. சார்தான் ஒவ்வொரு வாரமும் "தம்பி எப்படிப் படிக்கிறான்?" என்று விசாரிக்கிறார். "நல்லாப் படிக்கிறான் சார்" என்கிறேன்.

உன் காதைப் பற்றி எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. உனக்கு ஆறு வயது இருக்கும். கோட்டைக்குள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் பக்கம் நின்றோம். நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் தவிலைப் பார்த்துக்கொண்டிருக்க, நீ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே சுரத்தை ஊதுகிற ஒத்தோடு சேர்ந்து 'ம்...' என்று முனகினாய். நாகஸ்வரம் எங்கெங்கோ ஏறி இறங்கியது. நீ அந்த ஒரே சுரத்தை விடவில்லை. ஆட்டோவில் வீடு வந்து சேர்கிறவரை விடவில்லை. அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன், இவன் கம்ப்யூட்டர் படிக்கப் போவதில்லை என்று. மாமா இன்னமும் அதற்காக என்னைக் குறை சொல்கிறார். சொல்லட்டும்.

தினமும் பாடுகிறாயா? தினமும் பத்து நிமிஷம் போதும் தம்பி. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் பத்து நிமிஷம் மேல். பாட ஆரம்பிக்கும் முன் முதல் சுரமான டோவை மனதில் நிறுத்திக்கொள். டோ, மீ, சோ, டோ என்று ஒருமுறை பாடிப் பார்த்துக்கொள். தாளத்தை முதலில் தனியாகத் தட்டிவிட்டு அப்புறம் சுரத்துக்கு வா. தப்பு வந்தால் நின்றுவிடாதே, அடுத்த பாரில் (தாளக் கட்டத்தில்) சேர்ந்துகொள். கீபோர்டைத் தொடாதே. முக்கியமாக அதை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், தெரிந்ததையே சொல்கிறேன்.

முதல் செமஸ்டரில் நீ இப்படி இல்லையே. ராத்திரி பத்தரைக்கு ஃபோன் போட்டு, இத்தாலியில் குய்தோ என்று ஒரு துறவியின் கதையை முக்கால் மணி நேரம் சொன்னாயே. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், ஒரு துதிப்பாட்டில் ஒவ்வொரு வரியும் முந்தின வரியைவிட ஒரு படி மேலே தொடங்குவதைக் கொண்டு, அந்த முதல் அசைகளையே 'உத், ரே, மீ' என்று சுரங்களுக்குப் பெயராக வைத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். அதற்கு முன் பத்து வருஷம் பாடிப் பாடி மனப்பாடம் செய்தும் அரைகுறையாக வந்தது, அவர் முறையில் ஒரு வருஷத்தில், மிஞ்சினால் இரண்டு வருஷத்தில் வந்துவிட்டதாம். "அம்மா, யாரும் பாடிக் காட்டாமலே, இதுவரை கேட்காத பாட்டைப் பாட முடியும்மா!" என்று கத்தினாய். உன் அறையில் இருந்த பையன் தூங்க விடு என்று திட்டியது எனக்குக் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று.

சரி. புத்தகத்துக்குள் ஒரு தாள் இருந்தது. தூசி தட்டும்போது கீழே விழுந்தது. பார்க்காமல் உள்ளே வைத்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். பார்த்தேன் தம்பி. கேட்டு எழுதுவதில் இருபதுக்குப் பதினெட்டு. பார்த்துப் பாடுவதில் இருபதுக்கு ஐந்து. கீழே பென்சிலில் உன் ஆசிரியர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: பக்கத்தில் பாடுபவரைக் கேட்டுப் பாடுகிறார், தாளைப் படிப்பதில்லை.

அந்த ஐந்து மார்க் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கீழே இருந்த அந்த வரிதான் மூன்று நாள் தூங்க விடவில்லை. அது உன்னைப் பற்றியது இல்லை. என்னைப் பற்றியது.

நான் முப்பத்தொரு வருஷமாக சர்ச் க்வயரில் ஆல்ட்டோ, பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறேன். டோ, ரே, மீயை எழுத்தாகப் போட்டிருக்கும் சோல்ஃபா எனக்குப் படிக்கத் தெரியாது. ஐந்து கோட்டில் எழுதுகிற ஸ்டாஃப் நொட்டேஷன் சுத்தமாகத் தெரியாது. இதை அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

கீர்த்தனை என்றால் கவலை இல்லை, எல்லோருக்கும் ஒரே மெட்டு, நாலு தரம் கேட்டால் வந்துவிடும். பாமாலை அப்படி இல்லையே, குரலுக்குக் குரல் வேறு. மெட்டு மேல்குரலான சொப்ரானோவிடம் இருக்கிறது. ஆல்ட்டோ இரண்டு மூன்று சுரத்துக்குள்ளேயே நகர்கிறது, பிடித்துக்கொள்ள மெட்டு கிடையாது. பதினேழு வயதில் சேர்ந்தபோது உன் பெரியம்மாவின் இடது பக்கம் நின்றேன். அவள் தாத்தாவிடம் ஒழுங்காகக் கற்றவள். அவள் வாயிலிருந்து வருவதைக் கால் மாத்திரை பின்னால் பிடித்துப் பாடினேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தையும் அவளைப் பார்த்துத்தான் புரட்டினேன். அவள் சேலத்துக்கு மாற்றலாகிப் போனபிறகு, புதுப் பாட்டு வந்தால் ஃபோன் போட்டு ஆல்ட்டோவைப் பாடச் சொல்லி, பிராக்டிஸுக்கு முன்னாலேயே மனப்பாடம் செய்துகொள்வேன். சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள் என்று எனக்குப் பெயர்.

உனக்கு ஒன்பது வயதில் ஒரு கேரல் ஆராதனை நினைவிருக்கிறதா? அன்று மதியம்தான் ஒரு புதுப் பாட்டின் தாளைக் கையில் கொடுத்தார்கள். பெரியம்மா வீட்டு ஃபோன் எடுக்கவில்லை. அந்தப் பாட்டு முழுவதும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். நீ முன் வரிசையில் இருந்தாய். வீட்டுக்கு வரும்போது, "அம்மா, அந்தப் பாட்டில உன் குரலே கேட்கலையே" என்றாய். "ஆல்ட்டோ வெளியே கேட்கக் கூடாது, வாயை மூடிக்கிட்டு வா" என்று அதட்டினேன். உனக்குக் கேட்கும் காது இருந்தது. அதைத்தான் அதட்டினேன்.

அதோடு விட்டேனா? தாத்தாவின் சோல்ஃபா புத்தகத்தில் நீ விரலை வைத்து எழுத்தெழுத்தாக டோ... டோ... டீ... என்று தேடிக்கொண்டிருப்பாய். இரண்டு வரி தாண்ட விடமாட்டேன். எனக்குப் பொறுமை இல்லை என்று நினைத்திருப்பாய். நீ படிக்கக் கற்றுக்கொண்டால் எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிடுமே என்று பயம். அடுக்களையிலிருந்தே பாட்டை முழுசாகப் பாடிக் காட்டிவிடுவேன். நீயும் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துப் பாடிவிடுவாய். கர்த்தர் கொடுத்த காது என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன்.

பாட்டு டீச்சரிடம் சரளி வரிசை ஆரம்பித்தபோது கேட்டாயே: "அம்மா, டீச்சரோட ம வேற, நம்ம புத்தகத்து எம் வேற, எது சரி?" அதிகப்பிரசங்கி என்றேன். பதில் தெரியாமல்தான். இப்போது தெரியும். நம் எம் என்பது மீ, மூன்றாவது சுரம், அவர்களுக்கு அது காந்தாரத்தின் இடம். அவர்கள் மத்திமம் நம் ஃபா. நம் புத்தகத்தில் எஸ் என்று போட்டிருப்பது சோ, அது பஞ்சமம், ஸ இல்லை. ஸவும் டோவும்தான் ஒன்று. பாடுகிறவருக்குத் தோதான இடத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பத்து வயதில் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். தாத்தா இருந்திருந்தால் உன்னைத் தோளில் தூக்கியிருப்பார். நார்விச்சில் சாரா குளோவர் என்ற அம்மாள் பிள்ளைகளுக்காக உண்டாக்கிய முறை, ஜான் கர்வென் என்ற போதகர் அதை எடுத்துப் பரப்பினார் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். நாங்கள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? உன் புத்தகத்தை நான் எடுத்துப் படிக்கிறேன். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு, நீ விட்டுப்போன கேசியோ கீபோர்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதலில் கீபோர்டில் வாசித்துப் பார்த்துவிட்டுப் பாடினேன். அருமையாக வந்தது. மறுநாள் தாளை மட்டும் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. பெரியம்மாவின் இடத்தில் கேசியோவை நிறுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது முதலில் பாடுகிறேன், சரியோ தப்போ. அப்புறம்தான் கடைசிச் சுரத்தை மட்டும் வாசித்துச் சரிபார்க்கிறேன். அதனால்தான் மேலே அப்படி எழுதினேன், கீபோர்டைத் தொடாதே என்று.

போன வியாழக்கிழமை தாத்தாவின் ஆங்கிலப் பாமாலைப் புத்தகத்தை எடுத்தேன். அது முழுக்க ஸ்டாஃப். கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திறந்து, தலைப்பையும் வார்த்தையையும் தாளால் மறைத்துக்கொண்டேன். வரியின் தொடக்கத்தில், கீ சிக்னேச்சரில், ஒரே ஒரு ஷார்ப் குறி. நீ ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாயே, 'கடைசி ஷார்ப் டீ, கடைசி ஃபிளாட் ஃபா' என்று. அப்படியானால் அடுத்த இடம் டோ. டோ... டோ, டீ, லா, சோ... டோ, ரே, மீ. மூன்று தரம் தடவித் தடவிப் பாடினேன். நாலாம் தரம் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆராதனை முடிவில் வாரா வாரம் பாடுகிற டாக்ஸாலஜி துதிப்பாட்டின் மெட்டு! ஆயிரம் தரமாவது பாடியிருப்பேன். தாளில் அது எப்படி இருக்கும் என்று நாற்பத்தெட்டு வயதில்தான் பார்க்கிறேன். அடுக்களை விளக்கைக்கூட அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு இருபத்தொன்று. உன் காதில் ஒரு குறையும் இல்லை. தாளைப் பார்க்க விடாமல் செய்தது நான். உன் ஆசிரியரிடம் போய் இதை அப்படியே சொல், அம்மா பாடிக் காட்டியே வளர்த்துவிட்டாள் என்று சொல். எனக்கு வெட்கம் இல்லை. வகுப்பை மட்டும் விட்டுவிடாதே. விட்டுவிட்டாயா? விட்டிருந்தாலும் சொல், நான் கோபப்பட மாட்டேன். தினமும் பத்து நிமிஷம். டோவை முதலில் நிறுத்திக்கொள்.

நான் பதினான்காம் பாடத்தில் நிற்கிறேன். மூன்றாவது பாரில் ரேயிலிருந்து லாவுக்குத் தாவ வேண்டும், ஒவ்வொரு தரமும் சோவில் விழுகிறேன். புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கொரியரில் அனுப்பவா, இல்லை நீயே சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறாயா? நீ வந்தால் அந்தத் தாவலைச் சொல்லிக்கொடு. பாடிக் காட்டாதே. முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வைக்கிறேன். ஆற்காட்டிலிருந்து அத்தை மக்கன் பேடா கொடுத்தனுப்பியிருக்கிறாள், உன் பங்கைப் பாப்பாவிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: மார்க் விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. என் விஷயத்தை மட்டும் நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன்.