104-இல் புற்றுநோய்க்கென ஒரு தனிக் குழு: மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

காவிரிப் படுகையில் புற்றுநோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வழிகாட்டும் செவிலியர்களும் மருத்துவ சமூகப் பணியாளர்களும் சேர்ந்து எழுதுகிறோம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற தொலைபேசி எண் ஏற்கெனவே இருக்கிறது. அதில் புற்றுநோய் பற்றிக் கேட்பவர்களை, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு குழுவுக்கு மாற்றிவிட வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

இப்படியொரு சேவைக்கு ஐம்பது ஆண்டு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் 1971-ஆம் ஆண்டுப் புற்றுநோய்ச் சட்டம் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியதோடு நிற்கவில்லை; கண்டறிந்ததை மக்களிடம் சேர்ப்பதையும் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் கடமையாக்கியது. 1975-இல் தகவல் சேவை உருவானது. தொடக்கத்தில் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகள் தத்தம் வட்டாரத்து அழைப்புகளை ஏற்றன. பிறகுதான் நாடு முழுவதற்கும் 1-800-422-6237 என்ற ஒரே எண் வந்தது. ஆங்கில எழுத்துகள் பொறித்த தொலைபேசிப் பொத்தான்களில் 1-800-க்குப் பின் 4-ஐ அழுத்தி, கேன்சர் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை அழுத்தினால் அதே எண்தான் வரும். யாரும் எழுதி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. பிரிட்டனில் சினைப்பைப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற மருத்துவர் விக்கி கிளெமென்ட்-ஜோன்ஸ் முன்னின்று 1985-இல் தொடங்கிய சேவையில் செவிலியர்களே பதில் சொன்னார்கள். ஜெர்மனியில் ஹைடல்பர்க் புற்றுநோய் ஆய்வு மையம் இதுபோன்ற சேவையை 1986-இல் தொடங்கியது.

அந்த வரலாற்றில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது 1985 ஜூலை. அதிபர் ரீகனுக்குப் பெருங்குடல் புற்று என்ற செய்தி வந்ததும் அமெரிக்க எண்ணுக்கு அது பற்றிய அழைப்புகள் குவிந்தன. சில மாதங்களில் தணிந்தன. இங்கும் ஒரு நடிகரோ தலைவரோ நோயுற்றால் அதுவே நடக்கும். அன்றைக்கு உட்கார வைக்கக் கூடுதல் ஆட்களை முன்கூட்டியே பழக்கி வைத்திருக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்காத எண்ணை மக்கள் மறுமுறை நம்ப மாட்டார்கள்.

பதில் சொல்பவர் நோயைக் கண்டறியவோ மருந்தை மாற்றவோ கூடாது. வல்லுநர்கள் சரிபார்த்து, தேதியிட்ட பதில் ஏடு ஒன்று அவர் முன் இருக்க வேண்டும். அதில் எங்கள் ஊர்க் கேள்விகள் வேண்டும். வெற்றிலை, புகையிலை போடுபவருக்கு மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் இருந்தால் எந்த மருத்துவமனையில், எந்தப் பிரிவில் காட்டுவது? சதை எடுத்துப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்று பயாப்சியைத் தள்ளிப்போடும் குடும்பத்துக்கு என்ன சொல்வது? சம்பா அறுவடைக்காகக் கதிர்வீச்சை ஒரு வாரம் நிறுத்தலாமா என்பார்கள். வாய், தொண்டைப் புற்றுக்கு வாரம் 5 நாளாக 6, 7 வாரம் தொடரும் சிகிச்சை அது. இடையில் விட்டால் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகும். பிறகு கூடுதல் நாள் வைத்தாலும் இழந்த பலன் முழுதாகத் திரும்பாது. இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்கிறார்கள்.

வாய் வெந்துபோனால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லலாம். ஆனால் கீமோ ஏற்றியவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ஆலோசனைக்கே இடமில்லை. கிருமியை எதிர்க்கும் இரத்த வெள்ளணு குறைந்திருக்கும் நேரம் அது. பாராசிட்டமால் போட்டு விடியும்வரை காத்திருந்தால் கிருமி இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அந்த அழைப்பை அப்படியே 108-க்கு மாற்றும் வசதி வேண்டும்.

கோடியக்கரையிலிருந்து தஞ்சாவூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு காகிதம் குறைந்தால் ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் வீண். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பயாப்சி அறிக்கை, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் சொல்லி அனுப்ப வேண்டும். பலரும் விட்டுவிடுவது பயாப்சி ஸ்லைடையும், எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும். அவை தனியார் ஆய்வகத்திலேயே கிடந்துவிட்டால் மறுபடியும் சதை எடுக்க நேரும். சிகிச்சைக்கு ரயிலில் சென்னை போகிறவருக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் கட்டணமில்லை, துணைக்குச் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனை கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்.

பேசுகிறவர் நோயாளியா, மகனா, மருமகளா என்று முதலில் கேட்க வேண்டும். நோயாளிக்குத் தன் நோய் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. வீட்டில் மறைத்து வைத்திருக்கையில் திருப்பி அழைத்து நோயாளியிடமே பெயரைப் போட்டு உடைத்தால், அந்தக் குடும்பம் அதன்பின் எண்ணைத் தொடாது. திருப்பி அழைப்பதும் ஒரே எண்ணிலிருந்து வரட்டும். புது எண் என்றால் கடன்காரனோ மோசடிக்காரனோ என்று எடுக்க மாட்டார்கள். அழைத்த ஏழாம் நாள், மருத்துவமனைக்குப் போனார்களா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இத்தனையிலும் செலவு குறைவானதும் பலன் மிகுந்ததும் இந்த ஒரு வேலைதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

முதல் குழுவை நான்கு மாவட்டங்களிலும் இப்போது பணியில் இருக்கும் செவிலியர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம். பதில் ஏட்டின் முதல் வரைவை எழுதித் தர நாங்கள் தயார். மருத்துவக் கல்லூரி வல்லுநர்களைக் கொண்டு அதைச் சரிபார்க்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காவிரிப் படுகைச் செவிலியர்கள், மருத்துவ சமூகப் பணியாளர்கள்