யார் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே

கும்பகோணம்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

போனில் கேட்டாயே, "அப்பா, வெளியில உங்களுக்கு எவ்வளவு கடன் இருக்கு, சொல்லிடுங்க, எப்படியும் பின்னாடி நான்தானே கட்டணும்" என்று. அம்மா பக்கத்திலேயே இருந்ததால் அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். கேட்டதில் தப்பில்லை. எதிர்வீட்டில் நடந்ததைக் கேள்விப்பட்ட யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் "நான்தானே கட்டணும்" என்றாய் பார், அது சரியில்லை. கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவிலேயே காலத்தை ஓட்டியவனின் மகள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. போனில் சொன்னால் பாதியில் குட்டி அழுவான், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எதிர்வீட்டுக்காரரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் போயிருந்தேன். பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருக்கும்போதே வட்டிக்குக் கொடுத்தவர் மஞ்சள் பையோடு வந்துவிட்டார். சத்தம் கித்தம் எதுவும் இல்லை, ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். புரோநோட்டை எடுத்துப் பையனிடம் காட்டினார். இரண்டு லட்சம், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி, 24 மாத வட்டி பாக்கி. பெரியப்பா, தாய்மாமன் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு "அப்பன் பேரைக் காப்பாத்துடா", "கடனோட போனா அந்த ஆத்மா சாந்தியடையுமா" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பையனுக்கு இருபத்தாறு வயது, ஓசூரில் வேலை. மொட்டைத் தலையோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அசலும் வட்டியும் சேர்த்து 3,44,000 ரூபாய்க்குப் புது நோட்டு தயாரானது. ரெவின்யூ ஸ்டாம்ப்பைக்கூட அவரே கையோடு கொண்டுவந்திருந்தார். "தம்பி, பத்து நாள் டைம் கேளு" என்று காதோரம் சொன்னேன். பெரியப்பா என்னை முறைத்தார். பையன் போட்டுவிட்டான்.

அந்தக் கையெழுத்துக்கு முந்தின நிமிஷம் வரை அது அவன் அப்பாவின் கடன். அப்பா விட்டுப்போனது என்ன? ஒரு பழைய ஸ்கூட்டர், சேமிப்புக் கணக்கில் பதினோராயிரம், வீட்டு அட்வான்ஸ் நாற்பதாயிரம். அவர் வேலையில் இருக்கும்போதே இறந்ததால் பிஎஃப் பணம் வரும். நாமினி அந்த அம்மா. வட்டிக்காரர் குறி வைத்ததே அந்தப் பணத்தைத்தான். ஆனால் பிஎஃப் சட்டத்திலேயே, இறந்தவர் பட்ட கடனுக்காக நாமினிக்குப் போகும் பணத்தைத் தொடக்கூடாது என்று இருக்கிறது. ஆக, கோர்ட்டுக்குப் போயிருந்தால் ஸ்கூட்டரும் அந்த ஐம்பதாயிரமும்தான் அவர் கைக்கு எட்டியிருக்கும். இப்போது பையனின் சம்பளம்வரை கை நீளும். வட்டிக்கும் சேர்த்து வட்டி வேறு. கோர்ட்டில் வாதாட இடம் இல்லாமல் இல்லை, ஆனால் புரோநோட்டில் கையெழுத்து இருந்தால் பணம் கைமாறியது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டிய பாடு இனி அவனுடையது.

சட்டம் இவ்வளவுதான் சொல்கிறது: இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்தின் மேல்தான் நிற்கும். சிவில் நடைமுறைச் சட்டம் 50ஆவது பிரிவு. வாரிசு கைக்கு அப்பா சொத்து எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. ஒரு லட்சம் வந்து, கடன் ஐந்து லட்சம் இருந்தால், ஒரு லட்சம்தான். ஒன்றுமே வரவில்லை என்றால் ஒன்றுமே இல்லை. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் உன் பெயர் இருப்பதாலேயே நீ கடன்காரி ஆகிவிட மாட்டாய். வசூலுக்கு வருகிறவர்கள் அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் மிரட்டுவார்கள்.

முன்காலத்தில் வேறு மாதிரி இருந்தது. கடன் தீர்க்காமல் செத்தவன் கடன் கொடுத்தவன் வீட்டில் மாடாகப் பிறப்பான் என்று உன் அப்பாயி சொல்வாள், நினைவிருக்கிறதா? அதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதிவைத்ததுதான் இந்து சட்டத்தில் இருந்த புனிதக் கடமை. அப்பன், பாட்டன், முப்பாட்டன் பட்ட கடனுக்கு மகனும் பேரனும் கொள்ளுப்பேரனும் குடும்பச் சொத்திலிருந்து பதில் சொல்லவேண்டும். அதிலும் சூதாட்டத்துக்கும் குடிக்கும் வாங்கிய கடன் சேராது. 2005 செப்டம்பர் 9 முதல் அந்தக் கடமையே போய்விட்டது. அதற்கு முன்னால் வாங்கிய கடன்களுக்கு மட்டும்தான் பழைய கணக்கு. பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு கொடுத்தார்களே, அதே திருத்தச் சட்டம்தான். பங்கு வந்ததை எல்லாரும் பேசுகிறார்கள், இதை யாரும் பேசுவதில்லை. பெரியப்பாக்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை போலிருக்கிறது.

சரி, நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

முதலில் வாடகை. ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான். மாதம் 9,000, அட்வான்ஸ் 50,000. நான் போகிற நாள்வரை வாடகை பாக்கி இருந்தால் அது என் கடன். வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும். அந்த மிச்சமும் என் சொத்து, கேட்டு வாங்கவேண்டும், வெட்கப்படக் கூடாது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடியும்வரை குடியிருக்கும் உரிமை கூடவே வசித்த மனைவிக்கு வரும். அதனால் அம்மா இங்கேயே இருக்க விரும்பினால் யாரும் உடனே காலி பண்ணச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு ஓடும் வாடகை அம்மாவுடையது, அதை என் கணக்கில் எழுத முடியாது. புனேயில் இருக்கிற உனக்கு இரண்டிலும் பொறுப்பில்லை. அம்மாவுக்காக நீ கொடுத்தால் அது பெற்றவளுக்குச் செய்வது, வீட்டுக்காரருக்குப் பட்ட கடன் இல்லை. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது "பொண்ணு பேரையும் சேத்துக்கலாமே" என்று அவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்புறம் நகைக்கடன். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி வங்கியில் 1,80,000க்கு இருக்கிறது. ரசீது பீரோவில், மேல்தட்டில், துணிப்பையில். நான் வைத்தபோது நகை மதிப்பில் முக்கால் பங்குதான் கொடுத்தார்கள். அதன் பிறகு தங்கம் ஏறியிருக்கிறது. எனவே இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாரிசுச் சான்றிதழைக் கொடுத்து, பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். ஏலத்துக்குப் போனாலும் கடன் போக மீதி வாரிசுகளுக்குத்தான் வரவேண்டும்.

கிரெடிட் கார்டில் கண் ஆபரேஷன் செலவு 46,000 இன்னும் தவணையில் ஓடுகிறது. இதற்கு அடமானம் கிடையாது. அதே வங்கியில் என் சேமிப்புக் கணக்கு இருப்பதால் அவர்களே கழித்துக்கொள்வார்கள். போதாவிட்டால் உனக்கும் தம்பிக்கும் போன் வரும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூல் ஆட்கள் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இறப்புச் சான்றிதழின் நகலை வங்கிக்கு எழுத்தில் அனுப்பிவிட்டு, அவர் சொத்திலிருந்து வரவேண்டியதைக் கேளுங்கள் என்று சொல்லிவிடு. "ஒரு ஐயாயிரம் மட்டும் இப்போ கட்டுங்க மேடம்" என்பார்கள். அதுவும் வேண்டாம்.

கையெழுத்து விஷயத்தில் இன்னும் ஒன்று. பழைய புரோநோட்டின் பின்பக்கம் "வரவு ரூ. 1,000" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பார்த்தால் சாதாரணமாக இருக்கும். சாதாரணக் கைக்கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அது முடிவதற்குள் இப்படி வரவு வைத்தால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம். வங்கியில் நாங்களே நோட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வீடு வீடாக அலைந்திருக்கிறோம், எனக்குத் தெரியாதா.

பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்று உன் மனசு சொன்னால் தாராளமாகக் கொடு. கணக்கைப் பார்த்து, ரொக்கமாகவோ செக்காகவோ கொடுத்து, பழைய நோட்டைக் கையில் வாங்கிக் கிழித்துப்போடு. புதுக் காகிதம் எதுவும் எழுதாதே. ஊர்ப்பேச்சுக்காகக் கொடுக்காதே. வாங்கினவன் நான், எனக்கு வராத மானக்கேடு உனக்கு எதற்கு? வீட்டு வாசலில் வந்து மிரட்டினால், கந்துவட்டிக்கு எதிரான 2003ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, தம்பியைப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கச் சொல்.

என் சொத்தைத் தொடும்போது மட்டும் ஜாக்கிரதை வேண்டும். ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறதே என்று நான் போன பிறகு பணம் எடுக்காதீர்கள். நீங்கள் எடுத்ததற்குக் கணக்குக் காட்ட முடியாவிட்டால், அந்தத் தொகைக்கு உங்கள் கைப்பணத்திலிருந்து பதில் சொல்லவேண்டி வரும். கொடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. 1925ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது: முதலில் ஈமச்செலவும் கடைசிக்கால மருத்துவச் செலவும். அதற்குப் பிறகு, மற்றக் கடன்காரர்களுக்கு முன்னால், கடைசி மூன்று மாதத்துக்குள் வேலை செய்தவர்களின் கூலி பாக்கி. வெள்ளைக்காரன் எழுதின சட்டத்தில் வீட்டு வேலைக்காரருக்கு வங்கியைவிட முன் இடம்! படித்தபோது எனக்கே ஆச்சரியம். ஆகவே பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்குப் பாக்கி இருந்தால் அதை மற்றக் கடன்களுக்கு முன்னால் கொடுக்கவேண்டும்.

எல்ஐசி பாலிசி ஒன்று, மனைவி பிள்ளைகள் நலனுக்கென்று 1874ஆம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்தது. அது என் சொத்துக் கணக்கிலேயே வராது. என் கடன்காரர்களுக்கு அதில் பங்கில்லை. அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தையும் யாரும் ஜப்தி செய்ய முடியாது.

இன்னொரு கடன், என்னோடு வேலை பார்த்த நண்பர் கொடுத்த கைமாற்று 25,000. காகிதம் கிடையாது. தை மாதம் டெபாசிட் முதிர்கிறது, நானே கொடுத்து முடித்துவிடுவேன். இது உன் காதுக்கு மட்டும், அம்மாவுக்குத் தெரியாது.

என் கடனைப் பற்றி இதற்குமேல் யோசிக்காதே. எனக்கு உறுத்துவது வேறு. மாப்பிள்ளையின் அண்ணன் கடை போட வாங்கிய கடனுக்கு நீங்கள் இரண்டு பேரும் ஜாமீன் போட்டீர்கள் இல்லையா? ஜாமீன் போட்டவர்களுக்கு நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர் கட்டாவிட்டாலும், அவரே இல்லாமல் போனாலும், வங்கி முழுத்தொகையையும் உங்களிடம் கேட்கலாம். பாக்கி எவ்வளவு, தவணை எதுவும் தவறியிருக்கிறதா என்று மாப்பிள்ளையை விட்டுப் பக்குவமாகக் கேட்டு, இந்த வாரமே எனக்குச் சொல்.

இப்படிக்கு,
அப்பா